புதுச் சிலந்தி என்று எப்போது சொல்லலாம்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சருகுக்கு அடியில் ஒரு கறுப்புச் சிலந்தி இருக்கிறது. வலை கட்டுவதில்லை, ராத்திரியில் தரையில் வேகமாக ஓடுகிறது. போட்டோ எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்தேன், அதே மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. புது இனம் என்று அறிவிக்க என்ன செய்யவேண்டும்?
– வாசகர், வால்பாறை

பதில்: புதிதாக இருக்க வாய்ப்பு உண்டு. வெப்பமண்டலக் காடுகளில் சருகைக் கிளறிப் பார்க்கிறவர்கள் குறைவு, அதனால் அங்கே பெயரில்லாத தரைச் சிலந்திகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஆனால் போட்டோவை மட்டும் வைத்து அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நாஃபோசிடே என்ற தரைச் சிலந்திக் குடும்பமாக இருக்கலாம். இவை பகலில் கல்லுக்கடியில் பட்டுப் பை பின்னி ஒளிந்திருக்கும், இரவில் ஓடி இரை பிடிக்கும். உலகத்தில் இந்தக் குடும்பத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலானவை கறுப்பு, பழுப்பு அல்லது சாம்பல் நிறம்தான், மேலிருந்து பார்த்தால் பலவற்றுக்கு வித்தியாசமே தெரியாது. குடும்பத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை: நுண்ணோக்கியில் வைத்தால் வயிற்றின் நுனியில் நூல் விடும் காம்புகளில் முன்ஜோடி உருளையாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும், எட்டுக் கண்களில் பின்வரிசையின் நடுக் கண்கள் இரண்டும் பெரும்பாலும் வட்டமாக இல்லாமல் சாய்ந்த நீள்வட்டமாக இருக்கும்.

இனத்தைப் பிரிக்கத்தான் பாடுபட வேண்டும், அதற்கு இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்கவேண்டும். ஆண் சிலந்திக்கு வாய்க்குப் பக்கத்தில் குட்டிக் கால் மாதிரி இரண்டு உறுப்புகள் இருக்கும், விந்தைச் செலுத்துவது அவற்றின் நுனியால்தான், அந்த நுனியிலுள்ள கொக்கியும் முள்ளும் இனத்துக்கு இனம் மாறும். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு கெட்டியான தகடு இருக்கும். அதைக் கவனமாக வெட்டி எடுத்து, ஒட்டியிருக்கும் சதையை நொதியிலோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலோ கரைத்துவிட்டு, உள்ளே சுருண்டிருக்கும் குழாய்களையும் விந்து சேமிக்கும் பைகளையும் வரைவார்கள். வளராத சிலந்தியில் இவை உருவாகியிருக்காது. அதனால் எவ்வளவு அழகான குஞ்சு கிடைத்தாலும் அதை வைத்துப் புது இனம் எழுதுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

அப்புறம்தான் உண்மையான வேலை: ஒப்பிடுவது. அந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியில், இதுவரை பெயரிட்ட ஒவ்வொன்றோடும் உங்கள் சிலந்தியை வைத்துப் பார்க்கவேண்டும். நம் பகுதிச் சிலந்திகளில் கணிசமானவற்றுக்கு 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போகாக், சிமோன் போன்ற ஐரோப்பிய ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். சில வர்ணனைகள் நாலைந்து வரியில் முடிந்துவிடும், படமும் இருக்காது. சந்தேகம் தீர லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் புட்டியில் இருக்கும் பழைய மாதிரியைத்தான் பார்க்கவேண்டும். இதைச் செய்யாமல் அவசரப்பட்டு எழுதியதால் ஒரே சிலந்திக்கு இரண்டு மூன்று பெயர் விழுந்த கதைகள் ஏராளம், பின்னால் வருகிறவர்கள் அதைச் சரிசெய்வதிலேயே பல வருஷங்களைக் கழிக்கிறார்கள். நல்ல விஷயம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல் இணையத்தில் இலவசம். 2022 ஏப்ரலில் அதன் எண்ணிக்கை 50,000-ஐத் தொட்டது. உங்கள் தேடலை அங்கே தொடங்குங்கள், கூடவே ஒரு சிலந்தி ஆய்வாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெயர் வைப்பதற்காகச் சிலந்தியைக் கொல்லவேண்டுமா? மனசுக்கு ஒப்பவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: எனக்கும் அது சந்தோஷமான விஷயமில்லை, ஆனாலும் தேவை என்றே நினைக்கிறேன். ஒரு பெயர் எந்தச் சிலந்திக்கு உரியது என்று நூறு வருஷம் கழித்து ஒருவர் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு மாதிரி வேண்டும், அதை ஹோலோடைப் என்கிறார்கள். எது ஹோலோடைப், எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று புது இனத்தை அறிவிக்கும் கட்டுரையிலேயே சொல்லவேண்டும் என்பது 2000 முதல் விலங்குப் பெயரிடல் விதி. உடல் எத்தனால் புட்டிக்குள் போகும், ஒரு காலை மட்டும் டி.என்.ஏ.வுக்காகத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

மண்ணில் வளை தோண்டி அதற்கு மூடி போட்டு வாழும் மூடிக்கதவுச் சிலந்திகளில் அந்தக் கால் ரொம்ப உதவும். பெண் வாழ்நாள் முழுக்க வளையை விட்டு வெளியே வருவதே அரிது, ஆணோ வளர்ந்ததும் துணை தேடி அலைந்து எங்கோ ஒரு குழிப்பொறியில் விழும். இரண்டும் உருவத்தில் வேறு வேறு. ஒரே இனமா என்று டி.என்.ஏ. பார்த்தால்தான் பல நேரம் தெரிகிறது. தேவையான அளவுக்கு மேல் பிடிப்பதும், வளராதவற்றைப் புட்டியில் போடுவதும்தான் தவறு.

கேள்வி: தாய்லாந்தில் நீல நிறச் சிலந்தி கண்டுபிடித்தார்களாமே, உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். கைலோபிராக்கிஸ் நாடனிசாரம் என்று பெயர், 2023-ல் கோன் கேன் பல்கலைக்கழகத்தின் நரின் சோம்புபுவாங் குழு வெளியிட்டது. தெற்கே பாங்ங்கா மாகாணத்து அலையாத்திக் காட்டில், மரப்பொந்துகளில் பார்த்தார்கள். பசுமைமாறாக் காட்டில் இதே சிலந்தி தரையிலும் வளை தோண்டி வாழ்கிறது. அந்த நீலம் சாயம் இல்லை, மயிரின் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பெயர் சூட்டும் உரிமையை ஏலம் விட்டு, கிடைத்த பணத்தை லாஹு பழங்குடிக் குழந்தைகளின் படிப்புக்கும் ஏழைப் புற்றுநோயாளிகளுக்கும் கொடுத்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இந்தச் சிலந்தி பெயர் பெறுவதற்கு முன்பே 'மின்நீலம்' என்று செல்லப்பிராணிச் சந்தையில் விற்பனையாகிக்கொண்டிருந்தது. ஆய்வாளருக்கு முன்னால் வியாபாரி போய்விடுகிறார், பெயரில்லாத உயிருக்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் வாங்குவதும் சுலபமில்லை.

கேள்வி: நான் கண்டுபிடித்தால் என் பெயரையே வைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விதி தடுக்காது, ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை, அநாகரிகம் என்று கருதுகிறார்கள். மற்றவர் பெயரை வைக்கலாம். 2021-ல் மகாராஷ்டிரத்தின் தானேயில் கிடைத்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு இசியஸ் துகாராமி என்று பெயரிட்டார்கள், மும்பைத் தாக்குதலில் கசாப்பைப் பிடித்து உயிரை விட்ட காவலர் துகாராம் ஓம்ப்ளேயின் நினைவாக. எனக்கு மிகவும் பிடித்த பெயர்களில் அது ஒன்று.

கேள்வி: தரைச் சிலந்தி கடித்தால் ஆபத்தா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நஞ்சு அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் உண்டு, ஆனால் நாஃபோசிடே சிலந்திகளால் மனிதருக்கு ஆபத்து இல்லை. கையில் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கிடைத்த இடத்தை எவ்வளவு துல்லியமாக எழுதவேண்டும்?
– வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் குறிப்பேட்டில் முடிந்தவரை துல்லியமாக: ஜி.பி.எஸ். எண், உயரம், தேதி, கல்லுக்கடியிலா சருகிலா என்பது வரை. இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கூட்டி நீலச் சிலந்தி சாட்சி. அது மரத்தில் வாழ்வது. 1899-ல் போகாக் பெயரிட்ட மாதிரி ஆந்திராவின் கூட்டி ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. மரத்தோடு வண்டியில் வந்திருக்கவேண்டும். அதன் சொந்தக் காடு நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, 2001-ல்தான் அங்கே மறுபடி கண்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

ஆனால் பொதுவில் போடும்போது, முக்கியமாகக் கண்ணைக் கவரும் பெரிய சிலந்தி என்றால், மாவட்டத்தோடு நிறுத்துங்கள். முழு விவரத்தை மாதிரியோடு அருங்காட்சியகத்தில் கொடுங்கள், இந்தியாவில் புது இனத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று 2002 உயிரியல் பன்மைச் சட்டமே சொல்கிறது. காப்புக்காட்டில் எடுப்பதாக இருந்தால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.