விழித்திருக்கும்போதே மூளை ஆபரேஷன்: சர்ஜனிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். மூன்று மாதத்துக்கு முன் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, மூளையின் இடது பக்கம், பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி என்றார்கள். விழித்த நிலையில் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நானும் மாமனாரும்தான் சர்ஜனைப் பார்த்தோம். ஐந்து நிமிடம் பேசினார், தாளில் படம் போட்டுக் காட்டினார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். வெளியே வந்த பிறகுதான் ஒன்றுமே புரியவில்லை என்று தெரிந்தது. விழித்திருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லவே வேண்டாம், பயந்துவிடுவார் என்கிறார் மாமனார். அடுத்த வாரம் மறுபடி போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

பதில்: நான் சர்ஜன் இல்லை, மயக்க மருந்து கொடுப்பவள். இந்த மாதிரி ஆபரேஷனில் நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பது நான்தான். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாமனார் விஷயம். இதை உங்கள் கணவருக்குத் தெரியாமல் செய்யவே முடியாது. மற்ற ஆபரேஷன்களில் நோயாளி தூங்குவார், நாங்கள் வேலை செய்வோம். இதில் அவருக்கும் வேலை உண்டு. தலை திறந்திருக்கும்போது கண்விழித்துப் பதறுகிறவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சட்டமும் அப்படித்தான். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அவசரநிலை இல்லாதபோது, சொந்தமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக வீட்டார் தரும் சம்மதம் செல்லாது. அந்த வழக்கில் சம்மதம் தந்தவர் நோயாளியின் தாயார். மூன்று மாதமாக வலிப்பு மாத்திரை விழுங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது, என்னைக் கேட்டால், நம் ஆறுதலுக்காகத்தான். அடுத்த வாரம் அவரையே முன்னால் உட்காரவையுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? மூளைக்கு வலி தெரியாது. மண்டைத் தோலுக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும்தான் தெரியும். அதனால் தோலின் நரம்புகளைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவோம். பல ஆஸ்பத்திரிகளில், மண்டையோட்டைத் திறக்கும்வரை தூங்கவைத்து, பிறகு எழுப்புவார்கள். எழுந்ததும் ஒவ்வொரு படமாகக் காட்டுவோம். “இது குடை”, “இது பசு” என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் சர்ஜன் மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரம் பாயும் முனையால் தொடுவார். பேச்சுக்குத் தேவையான இடத்தைத் தொட்டால் நோயாளி “இது...” என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார். குடை என்று தெரிகிறது, வார்த்தை வரவில்லை. முனையை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும். அங்கே ஒரு குட்டி எண் சீட்டை வைத்துவிட்டு, சர்ஜன் அந்த இடத்தை விட்டு விலகியே வெட்டுவார். கனடாவின் மான்ட்ரியலில் மூளை சர்ஜன் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களிலேயே வலிப்பு நோயாளிகளிடம் இப்படி மூளையைத் தொட்டுத் தொட்டு வரைபடம் போட்டார். அடிப்படை இன்றும் அதுதான்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. அந்த மின்சாரமே வலிப்பைக் கிளப்பலாம். அப்போது மூளையின் மேல் குளிர்ந்த சலைனை ஊற்றுவோம், பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நோயாளிகள் என்னிடம் அதிகம் புலம்புவது வேறு: ஒரே பக்கமாகப் படுத்துத் தோள் வலிக்கிறது, வாய் வறள்கிறது, சிறுநீர் முட்டுகிற மாதிரி இருக்கிறது. டியூப் போட்டிருந்தாலும் அப்படித் தோன்றும். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை.

என்ன கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்வது என்பதும் அதே அளவு முக்கியம். எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரியும், ஆள் தெரியமாட்டார். ஈரோட்டு ஜவுளிக்காரர் என்கிறீர்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள்? கொங்குப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. கடையில் தமிழ், போனில் வடநாட்டு வியாபாரியிடம் இந்தி. இரு மொழி பேசுபவர்களின் மூளையில் சில இடங்களைத் தொட்டால் ஒரு மொழி மட்டும் தடுமாறுகிறது என்று 1978இலேயே ஜார்ஜ் ஓஜமன், ஹாரி விட்டேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எந்த மொழி போனால் அவர் பிழைப்பு போகும் என்று சர்ஜனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்கே ஒருமுறை சறுக்கியது. கத்தரிக்கோல் படத்தைக் காட்டினோம். நோயாளி “இது கத்தெர” என்றார். பாதி வார்த்தையில் பேச்சு நின்றுவிட்டது என்று குறித்துக்கொண்டோம். அடுத்த படத்துக்கும் தெலுங்கில் பதில் வந்தபோதுதான் உறைத்தது. தெலுங்கில் கத்தரிக்கோலே கத்தெரதான். வீட்டில் தெலுங்கு பேசுவார் என்று கேஸ் ஷீட்டில் யாரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நல்லவேளை, சர்ஜன் அந்த இடத்தை மறுபடி சோதித்தார்.

மொழி மட்டுமில்லை. எந்தக் கை எழுதும் கை, மனக்கணக்கில்தான் வியாபாரமா, சரக்கு எடுக்க அவரே வண்டி ஓட்டிப் போகிறாரா, எல்லாம் சொல்லுங்கள். ஏனென்றால், கட்டியை முழுசாக எடுப்பதற்கும் பேச்சைக் காப்பாற்றுவதற்கும் நடுவில் ஒரு கட்டத்தில் சர்ஜன் முடிவெடுத்தாக வேண்டும். “பேச்சு தடுமாற ஆரம்பித்தால் நிறுத்துவீர்களா, தொடர்வீர்களா? மிச்சம் இருந்தால் அப்புறம் என்ன சிகிச்சை?” என்று கேளுங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். பதில் எதுவானாலும் அதில் உங்கள் கணவரின் விருப்பமும் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது ‘ரிஸ்க்’. “5 சதவீதம்” என்று சொன்னால், எது 5 என்று கேளுங்கள். உயிருக்கா, நிரந்தரமாகப் பேச்சு போவதற்கா, சில வாரங்கள் தடுமாறுவதற்கா? மூன்றும் மூன்று. முதல் சில நாள் பேச்சு மந்தமாவது இந்த ஆபரேஷனில் சகஜம். தெரியாமல் இருந்தால் ஐ.சி.யூ. வாசலில் நீங்கள் உடைந்துபோவீர்கள். விழித்திருக்க முடியாமல் போனால் மாற்று ஏற்பாடு என்ன, பயாப்ஸி (எடுத்த கட்டியைச் சோதிப்பது) முடிவை யார், எப்போது, யாரிடம் சொல்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். வேறு வழிகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க அனுப்புவார்கள். சும்மா பி.பி. பார்த்து அனுப்பும் இடம் என்று நினைத்துப் பலரும் எழுந்து ஓடிவிடுகிறார்கள். எங்களிடம் ஓரளவு நிதானமாகப் பேசலாம். பேச்சுப் பயிற்சியாளரும் முன்கூட்டியே படங்களைக் காட்டிப் பார்ப்பார். உங்கள் கணவருக்குப் பழக்கமில்லாத படங்களை அப்போதே எடுத்துவிட வேண்டும். சர்ஜன் அறையை விட்டுக் கிளம்புமுன், “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள் டாக்டர்” என்று உங்கள் கணவரையே சொல்லவையுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது, தப்பாகப் புரிந்தது அங்கேயே வெளியே வந்துவிடும்.

இரண்டு சின்ன விஷயம். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிடுங்கள். பாதித் தூக்கத்திலிருந்து எழுப்பும்போது கேஸ் ஷீட்டில் இருக்கும் முழுப்பெயருக்குச் சிலர் திரும்புவதே இல்லை. கண்ணாடி போடுபவர் என்றால் அதைத் தியேட்டருக்குள் கொடுத்தனுப்புங்கள். கண்ணாடியைக் கழற்றி வீட்டாரிடம் கொடுப்பதுதான் வார்டு வழக்கம், அப்புறம் குடை மங்கலாகத் தெரிந்தால் அவர் தயங்குவது மூளையாலா கண்ணாலா என்று எங்களுக்குத் தெரியாது.