கோஸ்-17 (GOES-17) வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் சில இரவுகளில் ஏன் கெட்டுப்போயின, எப்படிச் சமாளித்தார்கள்?

அகச்சிவப்பு கேமரா பார்ப்பதே வெப்பத்தைத்தான். அதனால் அதன் உணரிகளே சூடாகிவிட்டால் மேகத்தின் வெப்பம் எது, கருவியின் சொந்த வெப்பம் எது என்று பிரிக்க முடியாமல் படம் இரைச்சலாகிவிடும், சில நேரம் முழுசா வெளுத்தே போகும். நீண்ட அலைநீள அகச்சிவப்பைப் பார்க்கும் உணரிகளை சுமார் 60 கெல்வினில், அதாவது மைனஸ் 213 டிகிரியில் வைத்திருக்க வேண்டும்.

2018 மார்ச்சில் ஏவப்பட்ட அமெரிக்காவின் கோஸ்-17 இல், வெப்பத்தை ரேடியேட்டருக்குக் (அதை விண்வெளியில் வெளியேற்றும் பலகைக்கு) கடத்தும் குழாய்கள் சரியாக வேலை செய்யவில்லை. உள்ளே சிக்கிய துகள்கள் திரவ ஓட்டத்தை அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாட்களுக்கு முன்னும் பின்னும், இரவு நேரத்தில் வெயில் நேராகக் கருவிக்குள் விழும்போதுதான் நிலைமை மோசம்.

சரி, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் போய் ரிப்பேர் செய்ய முடியாதே. உணரிகளைக் கொஞ்சம் கூடுதல் வெப்பநிலையிலேயே இயக்கினார்கள், ஆண்டுக்கு இருமுறை செயற்கைக்கோளைத் திருப்பி வைத்து வெயில் படுவதைக் குறைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, உணரி எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்று முன்கூட்டியே கணித்து அளவுத்திருத்தம் செய்த மென்பொருள். இப்படி சுமார் 97 சதவீதத் தரவை மீட்டார்கள். அப்புறம் 2023 ஜனவரியில், ரேடியேட்டரை மாற்றி வடிவமைத்த கோஸ்-18 அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.