பேரை விடுங்கோ, காணியைப் பிடியுங்கோ

வாசகர் கடிதம்

வணக்கம் அக்கா,

ஸ்காபரோல இருந்து எழுதுறன், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான். அம்மா திருமலை, 1956ல பிறந்தவ. அம்மாட அப்பா, எங்கட அம்மப்பா, வெள்ளைக்காரன் போகுமட்டும் திருமலை நேவி டொக்யார்ட்ல வேலை செய்தவராம். வீடு பாலையூற்றுப் பக்கம். அம்மப்பாட அப்பா ஆர், எந்த ஊர் எண்டு கேட்டா வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. பெரியம்மா இப்பவும் அந்த வளவிலதான் இருக்கிறா. தான் பிறந்தது ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் எண்டு சொல்லுவா, ஆனா டவுண்ல போய் பிறப்புச் சான்றிதழ் கேட்டா பதிவே இல்லையாம். நான் அம்மப்பாட பேரை ஒன்லைன்ல எல்லா இடமும் அடிச்சுப் பார்த்திட்டன், ஒண்டும் வரேல்ல. டி.என்.ஏ. டெஸ்டும் எடுத்தன், ஆரெண்டே தெரியாத தூரத்துக் கசின்ஸ்தான் வருது. அப்பா சொல்றார் யாழ்ப்பாண லைப்ரரி எரிஞ்சதோட எல்லாம் போச்சு, சும்மா மினக்கெடாத எண்டு. வாற ஆடியில ரெண்டு கிழமை ஊருக்கு வாறன். கொழும்பு ஆர்கைவ்ஸுக்குப் போறதா, ஏதாவது லைப்ரரிக்குப் போறதா, எங்க தொடங்கிறது எண்டு சொல்லுவீங்களா?

இப்படிக்கு
வாசகி, ஸ்காபரோ

பதில்

அன்புத் தங்கச்சி,

முதல்ல அப்பா சொன்னதுக்குப் பதில் சொல்லிப்போட்டு வாறன், ஏனெண்டா கனபேர் இதை நம்பித்தான் தேடாமலே விட்டிடுகினம். 1981 மே 31 இரவு வச்ச நெருப்பில யாழ்ப்பாண நூலகத்தில கிட்டத்தட்ட 97,000 புத்தகமும் ஏட்டுச்சுவடியளும் பழைய பேப்பர்களும் போச்சு, அது திரும்பி வராது, நினைச்சா இப்பவும் நெஞ்சு எரியும். ஆனா எங்கட ஆக்கள் பிறந்தது, செத்தது, கலியாணம் கட்டினது, காணி வாங்கி வித்தது ஒண்டும் அந்த நூலகத்தில இருக்கேல்ல. அதெல்லாம் அரசாங்கக் கந்தோர் ஏடுகள்ல இருக்கு. பிறப்பு இறப்புப் பதிவு 1860களின்ட கடைசியில இருந்து நாடு முழுக்க நடக்குது, அதில கூடுதலானது இண்டைக்கும் இருக்கு.

அடுத்தது நீங்க பேரை அடிச்சுத் தேடினது. வெள்ளைக்காரருக்கு அது சரிவரும், ஏழு தலைமுறைக்கும் ஒரே குடும்பப் பேர் ஓடும். எங்களுக்கு அப்பான்ட பேர்தான் முன்னால நிக்கும், அடுத்த தலைமுறையில அதுவும் மாறிடும். இதுக்கு மேல கந்தையா எண்ட ஒரு பேரை ஒரு கிளாக்கர் சீ போட்டு எழுதுவார், இன்னொருவர் கே போட்டு எழுதுவார், டி போடுறவரும் இருக்கிறார் டிஎச் போடுறவரும் இருக்கிறார், சின்னத்தம்பி எண்டா சொல்லவே வேண்டாம். அதோட எங்கட கந்தோர் ஏடுகள் பெரும்பாலும் ஒன்லைன்ல தேடுற மாதிரி இல்லவும் இல்லை. அது எல்லாம் இடத்தின்படிதான் அடுக்கியிருக்கு, எந்தப் பிரிவு, எந்தப் பற்று, எந்தக் காணி எண்டு. அதனால பேரோட போனா கதவு திறக்காது, இடத்தோட போகவேணும்.

பெரியம்மாட விஷயமே இதுக்கு நல்ல உதாரணம். குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. அதோட டவுண் சனம் கிடைச்ச பக்கத்துக்கு ஓடினது, ஆக்கள் தம்பலகாமம் போனாங்கள், மூதூர் போனாங்கள், யாழ்ப்பாணம் மட்டக்களப்பு எண்டு சொந்தக்காரர் இருந்த இடமெல்லாம் போனாங்கள். பிறப்பைப் பதியிறது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவுகாரரிட்ட, வீடு இருக்கிற இடத்தில இல்லை. அப்ப பெரியம்மா பாலையூற்று ஆளா இருந்தாலும் அவவின்ட பதிவு வேற பிரிவில இருக்கலாம். அம்மம்மா வயித்துப் பிள்ளையோட எங்க போய் நிண்டவ எண்டு கேளுங்கோ, அந்த ஊர்ப் பிரிவில தேடச் சொல்லுங்கோ. இன்னொண்டு, குண்டு போட்ட வருஷம் எண்டு சொல்றதை 42 எண்டு மட்டும் எடுக்காதீங்கோ, 41 கடைசியும் 43ம் சேர்த்துப் பாருங்கோ, 64 சூறாவளிக்கு முதல் பிறந்தது, பிறகு பிறந்தது எண்டு கணக்குச் சொல்ற ஆக்களுக்கும் இதுதான். பதிவு நம்பரும் திகதியும் தெரியாட்டி ஏட்டைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம்.

இப்ப முக்கியமானதுக்கு வாறன். அம்மப்பாட அப்பாவைத் தேடி கொழும்புக்குப் போக முதல் உங்கட அம்மாட பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கோ. பாஸ்போர்ட்டுக்கு எண்டு எடுத்து வச்ச கொப்பி ஸ்காபரோ வீட்டிலயே இருக்கும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் உன்ட அப்பா எங்க பிறந்தவர், அப்பாட அப்பா எங்க பிறந்தவர் எண்டு கேட்டுது, மலையகத்தில லட்சக்கணக்கான சனத்தை நாடில்லாத ஆக்களாக்கின சட்டம் அது, அந்தக் கேள்வி பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்துக்குள்ளயும் வந்திட்டுது. அதால அம்மா அப்பா விபரத்துக்குக் கீழ, பாட்டனார் இலங்கையில பிறந்தவர் எண்டா அவரின்ட முழுப்பேர், பிறந்த வருஷம், பிறந்த இடம் எண்டு ஒரு கூடு இருக்கும். அம்மா 56ல பிறந்தவ எண்டபடியா அந்தக் கூட்டில நீங்க தேடுற பூட்டன்ட பேரும் ஊரும் கிடக்கச் சாத்தியம் இருக்கு. அதே படிவத்தில பெற்றார் விவாகம் செய்தவர்களா எண்ட இடத்தில இல்லை எண்டு எழுதியிருந்தா பதறாதீங்கோ, கோயில்ல தாலி கட்டிப்போட்டுப் பதியாமல் விட்ட கலியாணம் அந்தக் காலத்தில கனக்க. பதிஞ்ச கலியாணம் எண்டா இன்னும் நல்லது, விவாகச் சான்றிதழ்ல மாப்பிள்ளையின்ட அப்பா பேர், அவர் என்ன தொழில், சாட்சிக் கையெழுத்து வச்சது ஆர் எல்லாம் இருக்கும், சாட்சி வச்சது அநேகமா மாமன் சித்தப்பன்தான்.

அதுக்கும் மேல போகவேணுமெண்டா காணி உறுதிதான். எங்கட பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு வளவு குடுத்துத்தான் கலியாணம், அதனால பழைய ஏடு எதிலயும் இன்னாரின் மனைவி எண்டு மட்டும் வாற எங்கட அம்மம்மாமார், பூட்டிமார் உறுதியிலதான் தங்கட சொந்தப் பேரோட நிக்கினம். பெரியம்மா இருக்கிற வளவு அம்மம்மாட சீதனமா, அம்மப்பா உழைச்சு வாங்கினதா எண்டு முதல்ல கேளுங்கோ, அதிலயே எந்தப் பக்கத்துக் கதை எண்டு பிடிபட்டிடும்.

உறுதி ஒண்டை வாசிக்கிற விதம் இருக்கு. முன்பக்கத்தில ஆர் ஆருக்கு எழுதினது, என்ன முறை எண்டு வரும். உடன, எனக்கு இன்ன வருஷம் இன்ன நொத்தாரிசு எழுதின இன்ன இலக்க உறுதிப்படி உரித்தான எண்டு ஒரு வசனம் வரும், அதில இருக்கிற இலக்கம்தான் அடுத்த படி, அந்த உறுதியை எடுத்தா அதுக்குள்ளயும் அதே மாதிரி ஒரு வசனம் இருக்கும், இப்பிடி ஒண்டைப் பிடிச்சு ஒண்டா மேல மேல போகலாம். முதுசம் எண்டு இருந்தா பெரும்பாலும் அப்பா வழி, சீதனம் எண்டு இருந்தா அம்மாட கலியாணம், ரெண்டும் ரெண்டு குடும்பத்துக்குள்ள கொண்டுபோகும். கடைசியில அட்டவணை. கனபேர் அதை வாசிக்கிறேல்ல, எனக்கு அதுதான் பொக்கிஷம். வடக்கு இன்னாரின்ட வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் மனைவி இன்னாவுக்குரிய காணி எண்டு நாலெல்லை எழுதியிருக்கும். சகோதரங்களுக்குப் பிரிச்சுக் குடுத்த காணியில எல்லைக்காரர் எல்லாம் சொந்தம்தான். என்ட அம்மம்மாட உறுதியில தெற்கெல்லையா இருந்த ஒரு பொம்பிளைப் பேரை ஊர்ல ஒருத்தருக்கும் தெரியேல்ல, அந்தத் தெற்குக் காணியின்ட உறுதியை எடுத்துப் பார்த்த பிறகுதான் அவ அம்மம்மாட சொந்தச் சின்னம்மா, சின்ன வயசிலயே பிள்ளையில்லாமல் செத்தவ எண்டு தெரிஞ்சுது. அந்த மனிசி தமிழ்ல வச்ச கையெழுத்து அதில கிடந்தது, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா ஊண்டி எழுதியிருந்தா, படமில்லை, கல்லறையில்லை, அவ இந்த உலகத்தில இருந்ததுக்கு அந்தக் கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

உறுதி தொலைஞ்சு போச்சு எண்டு சொன்னாலும் விடாதீங்கோ. 90ல சண்டைக்குப் பயந்து ஓடேக்க சனம் உடுப்பை விட்டிட்டு உறுதிப் பையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினது, அப்பிடிக் காப்பாத்தினதையும் 2004 சுனாமி சில வீட்டில கொண்டுபோட்டுது. ஆனா 1840ல வந்த சட்டத்தின்படி காணி கைமாறுறது எண்டா நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால எழுதவேணும், எழுதினதின்ட ரெட்டைப் பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேணும். வீட்டுக் கொப்பி தண்ணியில போனாலும் கந்தோர்க் கொப்பி இருக்க இடமிருக்கு. உறுதி இலக்கம், வருஷம், நொத்தாரிசின்ட பேர், இதில ஒண்டு ரெண்டு தெரிஞ்சாலே திருகோணமலைக் காணிப் பதிவகத்தில விண்ணப்பம் போட்டுத் தேடலாம்.

இதில ஒரு விஷயத்தை நீங்க கவனமாக் கையாளவேணும். கனடாவில இருந்து வந்த பெறாமகள் முதல் நாளே பெரியம்மா உறுதியைக் காட்டுங்கோ எண்டு கேட்டா வீட்டில என்ன நினைப்பினம்? பங்கு கேட்டு வந்திருக்கிறா எண்டுதான். இதால கதைபேச்சில்லாமல் போன குடும்பங்களைத் தெரியும். வரமுதலே அம்மாவைக் கொண்டு போன்ல கதைக்கச் சொல்லுங்கோ, பூட்டன் பூட்டி பேர் பார்க்கத்தான் எண்டு விளங்கப்படுத்துங்கோ, பெரியம்மாட பிள்ளையளையும் பக்கத்தில வச்சுக்கொண்டு பாருங்கோ, ஒறிஜினலைக் கையில வாங்கவேண்டாம், பழைய உறுதி இலக்கம் வாற வசனத்தையும் அட்டவணையையும் அவையளையே படமெடுத்துத் தரச் சொல்லுங்கோ. உங்களுக்கு அது போதும்.

கொழும்பு 7ல இருக்கிற தேசிய சுவடிகள் காப்பகம் இதுக்குப் பிறகுதான். அங்க 1640ல இருந்து ஒல்லாந்தர் ஏடு இருக்கு, பிறகு இங்கிலீஷ்காரர் ஏடு, உதவி அரசாங்க அதிபர்மாற்ற டயறி, பழைய பேப்பர், 1802ல தொடங்கின கசெற் எண்ட அரசாங்க வர்த்தமானி. பூட்டன் விதானை, உடையார் எண்ட ஊர் அதிகாரியாவோ வாத்தியாராவோ அரசாங்க உத்தியோகத்திலயோ இருந்தா பேர் தட்டுப்படலாம், வெறும் கமக்காரன் எண்டா கஷ்டம். ஆனா ஊர் தெரிஞ்சிட்டா அந்த ஊர் எப்பிடி இருந்தது எண்டு அறிய அதைவிட நல்ல இடமில்லை. 1786ல திருகோணமலைக்குப் பொறுப்பா இருந்த வான் செண்டன் எண்ட ஒல்லாந்தன் கொட்டியாபுரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்று எல்லாம் சுத்தி நாட்குறிப்பு எழுதி வச்சிருக்கிறான், எங்கட கிராமங்களை அதில வாசிக்கலாம். கோணேசர் கல்வெட்டு எண்ட பழைய நூலில தானத்தார், வரிப்பத்தார் எண்டு கோயில் தொழும்புக் குடிகளைப் பற்றி வாறதையும் சிலபேர் தங்கட வம்சாவளிக்கு ஆதாரமாக் காட்டுவினம், அது குடிகளின்ட கதை, உங்கட பூட்டனுக்கும் அதுக்கும் நடுவில பல தலைமுறை இடைவெளி கிடக்கு, நேர ஒட்டவச்சிடாதீங்கோ. குடிசன மதிப்பு 1871ல இருந்து இருக்கு, அந்த அறிக்கையள்ல வாறது தலைக்கணக்கு, ஆள் பேர் இல்லை.

டொக்யார்ட்டை 1957ல கையளிச்சிட்டுத்தான் வெள்ளைக்காரன் போனவன். அவன்ட கடற்படையின்ட அட்மிரால்டி பேப்பர் லண்டன்ல கியூ (Kew) எண்ட இடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில இருக்கு, ஆனா அதில கூடுதலா வாறது கப்பலும் அதிகாரிமாரும்தான். வீட்டில அம்மப்பாட பென்ஷன் துண்டு, சேர்விஸ் கடிதம், பழைய பாஸ் ஏதும் இருக்கோ எண்டு பெட்டியைக் கிளறுறது சுகம்.

நீங்க ஸ்காபரோல இருந்தபடியே இண்டைக்கே தொடங்கக்கூடியது நூலகம் (noolaham.org) எண்ட இணையத்தளம். 2005ல இருந்து ஈழத்து எழுத்தாவணங்களைச் சேர்த்து இலவசமாப் போட்டுக்கொண்டு வாறாங்கள், அதில செத்தவீட்டு நினைவு மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு எல்லாம் இருக்கு. எங்கட சனம் வம்சாவளியை அச்சில போட்டது அந்தச் சின்னப் புத்தகங்கள்லதான். உங்கட குடும்பத்தின்டது இல்லாட்டியும் எல்லைக்காரர் குடும்பத்தின்டது இருக்கலாம், அதில உங்கட பூட்டி ஆரோ ஒருவரின்ட தங்கச்சியா வருவா. பாடசாலை மலர்களையும் பாருங்கோ, அம்மப்பா எந்தப் பள்ளிக்கூடம் எண்டு தெரிஞ்சா அங்க பிள்ளையளைச் சேர்த்த இடாப்பில அப்பா பேர் இருக்கோ எண்டு அதிபரிட்டக் கேட்கலாம். வழியில வேதக்காரர் ஆரும் இருந்தா கோயில்ல ஞானஸ்நானப் பதிவு இருக்கும், அது அரசாங்கப் பதிவு தொடங்க முதலே எழுதினது.

டி.என்.ஏ. முடிவை எறியவேண்டாம், அப்பிடியே வச்சிருங்கோ. எங்களுக்குள்ள மச்சான் மச்சாளைக் கட்டுறது வழமை எண்டபடியா ஒரே ஆள் ரெண்டு மூண்டு பக்கத்தால சொந்தமா வருவார், அந்த டெஸ்ட் காட்டுறதை விட உண்மையான உறவு தூரமா இருக்கும். ரெண்டு மூண்டு ஊர்ப் பேரும் ஆள் பேரும் கையில கிடைச்ச பிறகு அந்தக் கசின்ஸுக்கு எழுதுங்கோ, அப்பதான் கேட்க ஏதாவது இருக்கும்.

ரெண்டு கிழமையில முதல் கிழமை முழுக்க திருமலையிலயே நில்லுங்கோ. கந்தோர்ல விண்ணப்பம் குடுத்தா அண்டைக்கே கையில தருவினம் எண்டு சொல்லேலாது, அதால வந்த உடன குடுத்திட்டு, காத்திருக்கிற நேரத்தை பெரியம்மாவோட கழியுங்கோ. கொழும்பை ஊர் தெரிஞ்சா மட்டும் கடைசி ரெண்டு நாளுக்கு வையுங்கோ. அம்மாட சான்றிதழ்ல பாட்டனார் கூட்டில என்ன இருக்கு எண்டு வரமுதல் எனக்கு எழுதுங்கோ, அட்டவணைப் படம் கிடைச்சு எல்லைப் பேர் வாசிக்க ஏலாட்டி அதையும் அனுப்புங்கோ, பழைய நொத்தாரிசுமாற்ற கையெழுத்து எனக்கு வாசிச்சுப் பழக்கம்.

அன்புடன்
அக்கா