பெற்றோரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தால் அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை குறையுமா?

குறையும், ஆனால் தானாகக் குறையாது. "எந்தப் பள்ளி வேண்டுமோ அதில் சேருங்கள்" என்று சொல்லிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டால் எதுவும் மாறாது. இதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது.

இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்ட்டி பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்துவிட்டு, 1965இல் 'விருப்பப்படி தேர்வு' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அங்கே இருந்ததே இரண்டு பள்ளிகள்தான். மூன்று ஆண்டுகளில் ஒரு வெள்ளைக் குழந்தைகூடக் கறுப்பினப் பள்ளிக்குப் போகவில்லை. கறுப்பினக் குழந்தைகளில் 85 சதவீதம் பேர் பழைய இடத்திலேயே இருந்தார்கள். நிர்வாகம் செய்ய வேண்டியதைப் பெற்றோர் தலையில் கட்டக் கூடாது என்று 1968இல் நீதிமன்றம் சொன்னது.

கேம்பிரிட்ஜ் (மாசசூசெட்ஸ்) 1981இல் வேறு வழி பிடித்தது. பெற்றோர் விருப்ப வரிசை கொடுப்பார்கள், ஒவ்வொரு பள்ளியிலும் இனக் கலவை கெடாமல் இடம் ஒதுக்குவது நிர்வாகத்தின் வேலை. ஒரு குழந்தையின் இனத்தை வைத்து இடம் ஒதுக்குவதற்கு 2007இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதனால் இப்போது பெரும்பாலும் குடும்ப வருமானம், வசிக்கும் பகுதி போன்றவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, விதி நல்லதாக இருந்தால் போதுமா? விண்ணப்பம் நிரப்பத் தடுமாறும் குடும்பங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். சிக்கல் நுணுக்கத்தில்தான் இருக்கிறது. பாஸ்டனில் 2005 வரை இருந்த முறையில், முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவதாக எழுதிய பள்ளி அதை முதலாவதாக எழுதியவர்களாலேயே நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டு எழுதினார்கள், மற்றவர்கள் மனதில் இருந்ததை எழுதி ஏமாந்தார்கள். உண்மையான விருப்பத்தை எழுதினாலும் நஷ்டம் வராதபடி அப்புறம் மாற்றினார்கள். அந்த ஒரு திருத்தத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பேன்.

கடைசித் தேதியும் அப்படித்தான். குளிர்காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிட்டால், வாடகை கட்ட முடியாமல் ஆகஸ்டில் வீடு மாறி வரும் குடும்பத்துக்கு யாரும் கேட்காத பள்ளிதான் மிஞ்சும். அவர்களுக்கென்று எல்லாப் பள்ளியிலும் கொஞ்சம் இடம் பிடித்து வைக்க வேண்டும்.

மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் விட்டாக வேண்டும். நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள 15ஆம் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) நடுநிலைப் பள்ளிகளில் அதை நீக்கி, 2019இல் குலுக்கலுக்கு மாறியது. 52 சதவீத இடங்களில் ஏழைக் குழந்தைகள், ஆங்கிலம் கற்றுவருபவர்கள், நிலையான வீடு இல்லாதவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை.

இவை எல்லாவற்றையும் விட நான் பிடிவாதமாக நிற்பது பஸ்ஸில். பள்ளி மாவட்டம் பஸ் விடாவிட்டால், விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும், கார் இல்லாத ஓர் அம்மாவுக்குப் பட்டியலில் எத்தனை பள்ளி இருந்து என்ன? பிள்ளை நடந்து போகக்கூடியது ஒன்றுதானே. உங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச ஒரு நிமிடம் கிடைத்தாலும், பஸ்ஸுக்கு எத்தனை ஆண்டுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.