மாத்திரை தொடங்கியதும் பரு கூடுகிறதே?

கேள்வி: வயது 22, எடை 50 கிலோ. தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஐசோட்ரெடினோயின் 20 மி.கி. கேப்சூலை மூன்று வாரமாக தினமும் ஒன்று போடுகிறேன். பரு குறையவில்லை, தாடையெங்கும் புதிதாகக் கிளம்புகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்கிறார் அம்மா. வீட்டில் மிச்சமிருக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: டாக்ஸிசைக்ளினைத் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் கேப்சூலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வைட்டமின் ஏ மாத்திரை, மீன் ஈரல் எண்ணெயும் கூடாது.

முதல் மாதத்தில் பரு கூடுவது பலருக்கும் நடப்பதுதான், பெரும்பாலும் தானே அடங்கும். அம்மாவின் பதற்றம் புரிகிறது. ஆனாலும் இதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம், சீக்கிரம் போகட்டும் என்று இரண்டாகப் போடவும் வேண்டாம். காய்ச்சல், மூட்டுவலியோடு பெரிய கட்டிகள் உடைந்து புண்ணானால் மட்டும் காத்திருக்காதீர்கள். அப்போது அளவைக் குறைத்து ஸ்டீராய்டு மாத்திரை தர வேண்டியிருக்கும்.

கேப்சூலைச் சாப்பாட்டோடு போடுங்கள். நெய், முட்டை என்று கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் மருந்து உடலில் சேரும். மொத்த அளவு பொதுவாகக் கிலோவுக்கு 120 மி.கி. என்று கணக்கிடுவார்கள். உங்களுக்கு அது 6,000 மி.கி., அதாவது தினம் 20 மி.கி. வீதம் 300 நாள். மூன்று வாரத்தில் தீர்ப்பு சொல்ல முடியாது. இடையிடையே கல்லீரல், ரத்தக் கொழுப்புப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

திருமணமானவரா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இம்மருந்து கருவின் மூளை, இதயம், காதுகளைக் கடுமையாகப் பாதிக்கும். நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. மாதவிடாய் தள்ளிப்போனால் அடுத்த கேப்சூலுக்கு முன் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்ததானமும் அந்த ஒரு மாதம் கழிந்த பிறகுதான். தோழிக்கும் பரு என்று ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

உதடு வெடிக்கும், பெட்ரோலியம் ஜெல்லியைக் கையோடு வைத்திருங்கள். முகத்தில் ஸ்க்ரப் வேண்டாம். வாக்ஸிங் செய்தால் தோலே உரிந்து வரும், மருந்தை முடித்து ஆறு மாதம் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: பருவுக்கான அடாபலீன் ஜெல் போட்டால் முகம் எரிகிறது. விட்டுவிடவா?
– வாசகர், மதுரை

பதில்: அளவு கூடியிருக்கலாம். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவே போதும். முகம் நன்றாகக் காய்ந்த பின், ஒரு இரவு விட்டு ஒரு இரவு போடுங்கள். எரிச்சல் இருந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.