பிடிலும் ஊழியமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எனக்கு இருபத்தேழு வயது, உங்கள் மகள் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பள்ளியில் படித்தபோது நான்கு ஆண்டுகள் வயலின் கற்றேன். எங்கள் ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசித்திருக்கிறேன். கர்நாடக இசையை முறையாகக் கற்று மேடையில் வாசிக்கவேண்டும், பிறகு ஊருக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது என் கனவு.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. “ஆலயத்தில் வாசித்தால் போதும், கச்சேரியெல்லாம் உலகத்துக்குரியது” என்கிறார்கள். எங்கள் சபை ஐயர் (போதகர்), “இது தேவசித்தமா சுயசித்தமா என்று ஜெபித்துப் பார், ஓர் அடையாளம் கேள்” என்றார். இந்த ஆண்டுக்கென்று ஆலயத்தில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு விசுவாசத்தில் இறங்கலாம் என்றிருக்கிறேன். இளைஞர் கூட்டத்தில் ஓட்டக்காரர் எரிக் லிடலின் கதையைக் கேட்டது முதல் இந்த எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. வீட்டில் திருமணப் பேச்சும் நடக்கிறது.

கனவைத் தொடர்வது விசுவாசத்தின் வெளிப்பாடாக இருக்க முடியுமா? அல்லது அது சுயம்தானா? என் கனவு கடவுளிடமிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயரை வெளியிட வேண்டாம்.

—

அன்புள்ள மகளுக்கு,

மகள் வயது என்று நீயே எழுதிவிட்டதால் ‘நீ’ என்றே அழைக்கிறேன்.

திருமணப் பேச்சைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எரிக் லிடலையும் இப்போது விட்டுவிடு. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்ததை நம் மேடைகளில் சொல்கிறார்கள். அதே பாரிஸில் 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வாங்கிய கால்கள் எப்படிப் பழகியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. நீ கேட்டிருக்கவேண்டியது அதைத்தான்.

உன் கடிதத்தில் ‘வயலின்’ என்ற சொல்லைப் படித்தவுடன் கொஞ்ச நேரம் மேலே படிக்காமல் இருந்தேன். எங்கள் வீட்டில் அதைப் பிடில் என்போம். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மாலையில் திண்ணையில் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசிப்பார். ஆலயத்தில் கீர்த்தனைகளுக்கும் அவர்தான் வாசிப்பார். ராகங்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த தெருவில் இருந்த அம்மன் கோயில் நாகஸ்வரக்காரர். கோயில் கொடைத் திருவிழா முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் நாள்களில் அப்பா அங்கே போய்விடுவார். திரும்பி வரும்போது வாய்க்குள் ஆனந்தபைரவி ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கடைசி நாள் இரவில், “தேவனுக்கும் உனக்கும் நடுவே நிற்பதைக் கொண்டுவந்து வை” என்றார். அப்பா எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பிடில் பெட்டி இருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதை மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். சபை ‘அல்லேலூயா’ என்றது. அம்மா அழுதார்கள், மகிழ்ச்சியில் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிடில் பிறகு எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம். பைபிளை மார்போடு சாய்த்து இடது கையால் பிடித்திருப்பார். கீர்த்தனை தொடங்கியதும் அந்தக் கையின் விரல்கள் பைபிளின் முதுகில் அழுந்தத் தொடங்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடியும் ஆள்காட்டி விரல். சில இடங்களில் ஒரே விரல் மேலும் கீழுமாக வழுக்கிப் போய்வரும். அது சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பைபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்புத் தோல் அட்டையின் முதுகில் நான்கு விரலகலத்துக்கு மட்டும் கறுப்பு போய், மழமழவென்று வெளுத்திருக்கிறது.

அப்பாவின் விசுவாசத்தில் நான் குறை காணவில்லை. தனக்கு மிகப் பிரியமானதைக் கொடுத்தவர் அவர். அதைக் கேட்ட பிரசங்கியார்மீதுதான் எனக்குக் கோபம், இத்தனை ஆண்டுகளாகியும் தணியாத கோபம். ஆபிரகாமிடம் மகன் ஈசாக்கைப் பலியாகக் கேட்ட தேவன் ஈசாக்கைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாவிடம் பிடிலை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு வாரமாக ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூல் என் மேசைமேல் விரித்தபடி இருக்கிறது. உன் கடிதம் வந்த நேரத்தில் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அவரைத் தெரியுமா? தெரியாவிட்டால் அது உன் தவறில்லை. நம் ஆலயங்களில் யாரும் அவரைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், கிறிஸ்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சாவூருக்குப் போய்ப் பள்ளியில் வேலை பார்த்து, பிறகு அந்த வேலையை விட்டு முழு மூச்சாகச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருந்து அவருக்குப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. அதைக்கொண்டு என்ன செய்தார் தெரியுமா? 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். வித்துவான்களை வரவழைத்து, தங்கவைத்து, சோறு போட்டு, தம் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். ஒரு ஸ்தாயியில், அதாவது ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை, 22 சுருதிகள் (நுண்ணிய சுர நிலைகள்) என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது 24 என்று வாதாடினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களை அழைத்துப்போய், அவர்களை வீணையில் வாசிக்கவைத்து அதை நிறுவிக் காட்ட முயன்றார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்தப் பெரிய நூலை 1917-இல் தம் சொந்த அச்சகத்தில் அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில் காலமானார். இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகுதான் அச்சேறியது.

அவர் போய் நின்ற இடங்களைப் பார். தமிழிசையின் வேரைத் தேடிச் சிலப்பதிகாரத்துக்குப் போனார். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களாக வட்டத்தில் நிறுத்தி மாயவனைப் பாடவைக்கும் இடம் இருக்கிறது அல்லவா? அந்தப் பழைய இசைக் கணக்கை ஜெபிக்கிற மனிதர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவிழ்த்துப் பார்த்தார். நூலின் பெயரிலுள்ள ‘கருணை’, சுருளி மலையில் தமக்கு மருந்து முறைகளைக் கற்றுக்கொடுத்த கருணானந்தர் என்ற முனிவரின் நினைவு. கிறிஸ்துவைப் பாடிக் கீர்த்தனைகள் எழுதியதும் அதே கைதான். எங்கள் ஊருக்கு வந்த பிரசங்கியார் இவரைப் பார்த்திருந்தால் வீணையையும் சிலப்பதிகாரத்தையும் மேடையோரம் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருப்பார்.

உன் அம்மாவின் ‘உலகம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லைவிட அதற்கு எதிரே நாம் வைத்திருக்கும் சொல்தான் என்னை உறுத்துகிறது: ‘ஊழியம்’. “அவர் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்துவிட்டார்” என்கிறோம். “முழுநேர ஊழியர்” என்கிறோம். மைக்கைப் பிடித்தால் ஊழியம், மண்வெட்டியைப் பிடித்தால் பிழைப்பு. இந்தப் பிரிவினையை நமக்கு யார் கொடுத்தது? திருவிதாங்கூரில் நம் முன்னோர் கூலியில்லாமல் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்ட உடலுழைப்புக்கு ஊழியம் என்றுதான் பெயர். சுமை தூக்கி, முதுகு வளைந்து சுமந்த அந்தச் சொல்லை எடுத்து மேடைக்கு மட்டும் உரியதாக்கி வைத்திருக்கிறோம்.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. பெசலெயேல் என்று ஒருவன். “அவனை தேவ ஆவியினால் நிரப்பினேன்” என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். எதற்காக நிரப்பினாராம்? பிரசங்கம் பண்ணவா? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்கு, இரத்தினங்களை வெட்டிப் பதிப்பதற்கு, “மரத்தில் சித்திரவேலைகளைச்” செய்வதற்கு. மூன்று அதிகாரம் பின்னோக்கி 28-க்குப் போ. ஆசாரியன் ஆரோனுக்கு உடை செய்கிறவர்களை ஞானத்தின் ஆவியினால் நிரப்பியதாக அங்கேயும் சொல்லியிருக்கிறது. தையல் வேலை, மகளே. தச்சு வேலை. ஆவியின் நிறைவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற கூட்டங்களில் இந்த இரண்டு பகுதிகளையும் யாராவது வாசித்து நீ கேட்டதுண்டா? “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள்” என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது அவர் முன்னால் நின்றவர்கள் குருமார்கள் இல்லை. எஜமானுக்குக் கீழே வேலை செய்த அடிமைகள். அவர்களுடைய வேலையை அவர் கர்த்தருக்குரியதாகப் பார்த்தார். நாம் ஒரு பெண்ணின் வயலினை அப்படிப் பார்க்க மறுக்கிறோம். கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைக்கூட உன் கனவுக்கு ஒரு நியாயம் தேடித்தான் சேர்த்தாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாவேரி ராகத்தைச் சுத்தமாக வாசிப்பதற்கு வேறு நியாயம் எதற்கு?

இனி உன்னைக் கடிந்துகொள்ளவேண்டும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். கனவு இருக்கிறது, அம்மா இருக்கிறார், ஐயர் இருக்கிறார், வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. நீ வயலினை எடுத்து வாசிப்பதாக ஒரு வரிகூட இல்லை. கடைசியாக எப்போது வாசித்தாய்? அந்த வயலின் இப்போது எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் விட்டதைப் பத்து ஆண்டுகளாகத் தொடாமல், தேவசித்தம் என்ன என்று தேவனைக் கேட்டுக்கொண்டிருப்பது எந்த வகை விசுவாசம்? என் அப்பாவுக்குப் பிடில் இல்லை. பைபிளின் முதுகில் வாசித்தார். உனக்கு வயலின் இருக்கிறது.

அந்த வசனத்தையாவது முழுதாகப் படித்தாயா? “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்ற வரி அட்டையில் அழகாகத்தான் இருக்கும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அந்த வாக்கைக் கேட்டவர்களில் பலர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலே பாபிலோனில் செத்துப்போயிருப்பார்கள். அவர்களுக்கு அவர் சொன்ன வேலை ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” அந்நிய மண்ணில் குழி தோண்டிக் கன்று வைக்கச் சொன்னார். உன் கச்சேரி நிச்சயம் நடக்கும் என்று அந்த அட்டை சொல்லவில்லை, மகளே. பண்டிதரின் 24 சுருதிகளை வித்துவான்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. இன்றைக்கும் 22 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவருடைய உழைப்பு தேவசித்தம் இல்லாமல் போய்விட்டதா? தோற்கவும் கூடும் என்று தெரிந்தே ஒரு வேலைக்கு வாழ்நாளைக் கொடுப்பதைத்தான் நான் விசுவாசம் என்று நினைக்கிறேன். அப்பாவைப் பறிகொடுத்த பிறகு வந்த நினைப்பு இது. இதில் என்னோடு வாதாடாதே.

வேலையை விடாதே. ‘விசுவாசத்தில் இறங்குகிறேன்’ என்று சம்பளத்தை விட்டுவிட்டு, மூன்றாம் மாதம் வாடகைக்கு அண்ணனிடம் கை நீட்டினால், உன் அம்மா சொன்னது சரி என்று ஆகிவிடும். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்று இயேசுவிடம் வசனத்தைக் காட்டிச் சொன்னது பிசாசு என்று உனக்கே தெரியும். பண்டிதருக்கு மருந்து சோறு போட்டது, இசைக்கும் அதுவே செலவழித்தது. பவுல் கொரிந்துவில் பிழைப்புக்குக் கூடாரம் தைத்தார். உனக்குக் கணினி இருக்கிறது. அதற்காக வெட்கப்படாதே, கூடாரம் என்று வைத்துக்கொள்.

அம்மாவிடம் சண்டை போடாதே. ஆனால் ஒன்றை மெதுவாகச் சொல். அவர்கள் ஆலயத்துக்குரியது என்று நினைக்கிற அந்தக் கருவி வெள்ளைக்காரர்களோடு சென்னைக்கு வந்தது. அவர்களுடைய பாண்டு வாத்தியக் குழுவிலிருந்த ஒருவரிடம், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டுதான் நம் இசைக்குள் கொண்டுவந்தார். ஆலயத்துக்கும் கச்சேரிக்கும் நடுவே அவர்கள் போட்டிருக்கும் சுவரைப் பிடில் எப்போதோ தாண்டிவிட்டது.

வயலினை இந்த வாரமே எடு. தந்திகள் துருப்பிடித்திருக்கும், நான்கையும் மாற்று. வில்லின் முடி உதிர்ந்திருந்தால் மயிலாப்பூர்ப் பக்கம் பழுதுபார்க்கும் கடைகளில் விசாரி. வில்லில் பூசும் ரோசின் புதிதாக வாங்கு, பழையது பிடிக்காது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்கச் சொல்வார். முகம் சுளிக்காதே. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் உட்கார். அந்த நேரத்தை ஜெபத்தில் சேர்ப்பதா, ஜெபத்திலிருந்து கழிப்பதா என்று ஐயரிடம் கேட்கவேண்டாம்.

ஆறு மாதம் கழித்து எனக்கு எழுது. வகுப்பு எந்த நாள், எந்த நேரம் என்று குறிப்பிட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடிந்த பிறகு வைத்துக்கொள். ஆனந்தபைரவி வரும் நாளில் ஒரு கீர்த்தனையைப் பதிவுசெய்து அனுப்பு. அப்பாவின் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

அன்புடன்.