பையின் சைன் ஏன் பூஜ்யமாக வருவதில்லை?

கேள்வி: நம்பையில் (பைத்தான் மொழியின் எண்கணக்கு நூலகம்) 0, பையில் (π) பாதி, பை என்ற மூன்று கோணங்களுக்கு சைன் கணக்கிட்டேன். விடை 0, 1, 0 தானா என்று ‘அசெர்ட் ஆல்குளோஸ்’ வைத்துப் பார்த்தால் மூன்றாவது எண்ணில் டெஸ்ட் தோற்கிறது. தோராயமாக ஒப்பிடத்தானே அது இருக்கிறது?

பதில்: சைன் மீது தவறில்லை. முடிவே இல்லாத பையை 64 பிட்டுக்குள் அடைக்கும்போது ஒரு துளி குறைந்துவிடுகிறது. அந்தக் குறைந்த பைக்கு சைன் கேட்டால், விட்டுப்போன துளியே விடையாக வரும்: புள்ளிக்குப் பின் 15 பூஜ்யங்கள், அப்புறம் 122.

இவ்வளவு சின்னதைக்கூட ஏன் மன்னிக்கவில்லை? இங்கே சலுகை இரண்டு வகை. ‘ஆர்டால்’ என்பது நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணில் இத்தனை பங்கு. ‘ஏடால்’ என்பது எண் எதுவானாலும் மாறாத அளவு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆர்டால் கோடியில் ஒரு பங்கு, ஏடால் பூஜ்யம். நீங்கள் எதிர்பார்ப்பதோ 0. பூஜ்யத்தில் கோடியில் ஒரு பங்கு எவ்வளவு? அதுவும் பூஜ்யம்தான். ஆகவே ஏடாலுக்கு 0.000000000001 கொடுங்கள், டெஸ்ட் தேறிவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் வெறும் ‘ஆல்குளோஸ்’ பக்கம் போய்விடாதீர்கள். அதில் ஏடால் தானாகவே 0.00000001, ஆர்டாலும் தாராளம், லட்சத்தில் ஒரு பங்கு. மின்தேக்கி மதிப்புகளை ஃபாரடில் வைத்திருந்தால் (ஒரு பிக்கோஃபாரட் என்பது 0.000000000001 ஃபாரட்) 10 பிக்கோஃபாரடும் 47 பிக்கோஃபாரடும் ஒன்றே என்று அது கூசாமல் சொல்லும். தோற்கிற டெஸ்டைவிட இப்படித் தேறுகிற டெஸ்ட்தான் எனக்குப் பயம். இத்தகைய தரவுக்கு ஏடாலைப் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் எண்களைப் பிக்கோஃபாரடிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்கும் விடையை எப்போதும் இரண்டாவதாகக் கொடுங்கள். ஆர்டால் பங்கு கணக்கிடுவது அதை வைத்துத்தான்.

32 பிட் எண்கள் என்றால் கோடியில் ஒரு பங்கு கட்டுப்படியாகாது. 1-க்கும் அடுத்து அதில் எழுத முடிகிற எண்ணுக்கும் உள்ள இடைவெளியே கோடியில் 1.2 பங்கு, விடை அந்த ஒரு இடைவெளி தள்ளிப்போனாலே டெஸ்ட் விழுந்துவிடலாம். லட்சத்தில் ஒன்று என்று தொடங்கிப் பாருங்கள்.